மாமன்கள் கொண்டுவந்த நீலச் சட்டை

ஒன்றுகூடல் மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டிருந்தீர்கள். "ஒங்கம்மாவப் பத்தி நீ எழுதாம வேற யாருலா எழுதுறது?" என்று, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய தண்டலின் மகள் தொலைபேசியில் சொன்னாள். தலைப்பைக்கூட அவளே வைத்துவிட்டாள். நல்லெண்ணம் பரப்பிய தாய் என்று ஏதோ. சரி என்றேன். எழுத உட்கார்ந்து மூன்று வாரமாகிறது. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, தலைப்பும் ஒட்டவில்லை. என்னுடையது ஆறாம் வகுப்புத் தமிழ். மீதியை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் பொறுக்கிச் சேர்த்தேன். உங்களில் மூன்று பேர் ஆசிரியைகளாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நம் தோட்டம் கோலா கங்சார் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்தது. இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. போன வருடம் மகன் காரில் அழைத்துப் போனான். நாம் குடியிருந்த வரிசை வீடுகள், அந்த லயம் எங்கே இருந்தது, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று எனக்கே பிடிபடவில்லை. "எங்க இருந்துச்சிம்மா, எங்க" என்று கேட்டுக்கொண்டே அவன் ஓட்டினான். "திருப்பு, போலாம்" என்று சொல்லிவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்துப் போயிருந்தேன். வரவில்லை. எனக்கு அது வராமல் போய் வெகுநாளாகிறது.

நான் சொல்லப்போவது எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதத்திலிருந்து அடுத்த ஜனவரி வரை நடந்ததை. நாம் ஆறாம் வகுப்பில் இருந்தோம். தோட்டத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆறாம் வகுப்பு முடிவது, வயதுக்கு வருவது, இந்த இரண்டில் எது முந்துகிறதோ அன்றோடு படிப்பு நிற்கும். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் ரப்பர் மர வரிசைக்கு, நெரைக்குப் போக வேண்டியதுதான். யாரும் எழுதி வைக்காத சட்டம் என்பதால் யாரிடமும் போய் மாற்றச் சொல்லவும் முடியாது.

எனக்குக் கோலா கங்சாரில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு ஆசையே இல்லை. வகுப்பில் நான்தான் முதல் என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பிள்ளைக் கொட்டகை ஆயாவின் பேத்தி ஒரே ஒரு தடவை என்னை முந்தினாள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய வாத்தியார் ஒரு நாள் விடியற்காலை பெரட்டுக்கே வந்துவிட்டார். தினமும் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தைத்தான் பெரட்டு என்போம். தோளில் வாளி தொங்கவிடும் காண்டாக் கம்பும் வாளியுமாக நின்ற சனங்களுக்கு முன்னால் அவர் பெண் கல்வி, சமுதாய முன்னேற்றம், எதிர்காலம் என்று கால்மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு. "சரிங்கய்யா, ஆகட்டுங்கய்யா" என்று எல்லாரும் சொன்னார்கள். தண்டல் விசில் ஊதினார். எல்லாரும் பாலுக்கு மரம் வெட்டக் கலைந்து போனார்கள். வாத்தியார் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் தம்பியை விடுவதற்காக நான் வந்திருந்தேன். அம்மாவும் என் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"பாவம் மனுசன்" என்றாள் அம்மா. "நல்லதத்தான் சொல்றாரு. சொல்ற எடந்தான் சரியில்ல."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு. ஆனால் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. அவள் பேச ஆரம்பித்தால் தண்ணீர்க் குழாயடியில் வாளி நிரம்பி வழிவதைக்கூட யாரும் கவனிக்கமாட்டார்கள்.

ஜூன் மாதம் தண்டல் மகள் வயதுக்கு வந்தாள். பாகான் டத்தோவிலிருந்து அவளுடைய தாய்மாமன் இளநீர்க் குலைகளோடு லாரியில் வந்து இறங்கினார். தென்னந்தோட்டக்காரர், மீசைக்காரர், பெருமை என்றால் உயிரை விடுகிறவர். சடங்குக்கு இரண்டு நாள் முன்னால், வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த அவரிடம் அம்மா பேச்சுக் கொடுத்தாள்.

"சேல எடுத்துட்டீங்களாண்ணே?"

"பட்டுலா தங்கச்சி. ஈப்போவுல எடுத்தது."

"பட்டு எல்லா மாமனுந்தான் எடுக்குறான். ஒரு நாளு கட்டுவா, அப்புறம் பொட்டிக்குள்ள கெடக்கும். மருமவளுக்குப் பெரிய ஸ்கூல் சட்டையத் தட்டுல வச்சிக் கொண்டாந்த மாமன்னு ஒருத்தன் இருந்தா, இந்தப் பேரா மாநிலம் முழுக்க அவன் பேரத்தான் பேசும். தெனமும் அவ போட்டுக்கிட்டுப் போறத ஊரே பாக்கும்லா."

அவர் சிரித்தார். மறுநாள் காலை ஆளைக் காணோம். பஸ் பிடித்துக் கோலா கங்சார் போய்விட்டார்.

சடங்கன்று சீர்வரிசை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆப்பிள், வாழை, வளையல், பட்டு எல்லாம் வந்தன. நடுவில் ஒரு பித்தளைத் தட்டில், இரண்டு பக்கமும் கதலிச் சீப்பு வைத்து, மஞ்சள் குங்குமம் இட்ட வெளிர்நீலப் பினாஃபோரும் வெள்ளைச் சட்டையும் வந்தன. மேளக்காரர் அதைப் பார்த்து ஒரு கணம் அடிப்பதையே விட்டுவிட்டார். தண்டலுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் அவரால் என்ன செய்ய முடியும்? மாமன் சீரைச் சபையில் வைத்துத் திருப்பினால் அன்றோடு மனைவி வீட்டு உறவு அறுந்துவிடும். வாத்தியாருக்குத் தலையாட்டிவிட்டுப் போகலாம், மச்சானுக்கு முடியாது. "படிக்கட்டும்லா, என்ன இப்போ" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அம்மா எழுந்து முதல் குலவை போட்டாள்.

அதன் பிறகு அம்மா ஓயவில்லை. பால் எடை போடும் ஸ்டோரில், குழாயடியில், கோயில் வாசலில், கண்ட இடத்தில் எல்லாம் இதே பேச்சு. மாமன் வைத்த சட்டை மங்களம், அதைப் போட்டுக்கொண்டு வீட்டுப்படி இறங்கினால் பிள்ளைக்கு நல்லது, மாமனுக்கும் ஆயுசு கெட்டி. இதையெல்லாம் யார் அவளுக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவளே உண்டாக்கினாள். எந்த வீட்டில் எந்த மாமன் எதற்கு மயங்குவான் என்று அவளுக்குத் தெரியும். பெருமைக்காரனிடம் பெருமையைப் பேசினாள், பயந்தவனிடம் ஆயுசைப் பேசினாள்.

மாமன்களுக்குள் போட்டி வந்துவிட்டது. ஒருவர் சட்டையோடு காலுக்கு வெள்ளைச் சப்பாத்தும் வைத்தார். இன்னொருவர் குடை வைத்தார். சிலிம் ரிவரிலிருந்து வந்த ஒரு மாமன் புத்தகப் பையும் ஜியோமெட்ரிப் பெட்டியும் வைத்து, பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த கவராயத்தைச் சபைக்குத் தூக்கிக் காட்டினார். அது எதற்கு என்று அவருக்கும் தெரியாது, சபைக்கும் தெரியாது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கோலா கங்சாரில் துணிக்கடை வைத்திருந்த பாய் முதலில் குழம்பிப்போனார். பள்ளி திறக்க ஆறு மாதம் இருக்கும்போது மீசை வைத்த ஆம்பிளைகள் வரிசையாக வந்து பெண்பிள்ளைப் பினாஃபோர் கேட்டால் அவர் என்ன நினைப்பார்? காரணம் தெரிந்த பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். மஞ்சள் காகிதத்தில் சுற்றிச் சிவப்பு நூல் கட்டித் தந்தார். அம்மா கடைப்பக்கம் போனால், "வாங்கக்கா, ஒங்க தோட்டத்து மாமன் ரெண்டு பேரு நேத்து வந்துட்டுப் போனாங்க" என்பார். அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடே வேண்டாம்.

பள்ளி திறப்பதற்குள் வயதுக்கு வராதவள் என்ன செய்வாள் என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கும் அம்மா வழி வைத்திருந்தாள். மாமன் இப்போது வந்து சட்டையை மட்டும் வைத்துவிட்டுப் போகலாம், சடங்கு வரும்போது மற்றதை வைக்கலாம் என்றாள். "அப்படியும் ஒரு வழக்கம் இருக்கா?" என்று கடைசி லயத்துப் பிள்ளை ஒருத்தியின் அப்பா கேட்டார். "எங்க ஊருப் பக்கம் ஆதியில இருந்தே இருக்குண்ணே" என்று அம்மா கூசாமல் சொன்னாள். விதி உண்டாக்க அவளுக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. அதை நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு ஒரே அண்ணன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த டிவிஷனில் மரம் வெட்டினார். அதிகம் பேசமாட்டார். பசாருக்குப் போனால் எனக்குக் காகிதச் சுருளில் அவித்த கச்சான் கடலை வாங்கி வருவார். அவருடைய மூத்த மகள் நமக்கு ஒரு வயது பெரியவள். நம் தோட்டத்தில் சட்டை வழக்கம் வருவதற்கு முந்தைய வருடமே அவள் வயதுக்கு வந்து, நெரைக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒரு நாள், பால் ஸ்டோர் வரிசையில் அம்மா ஒரு மாமனை வளைத்துக்கொண்டிருந்தாள். அவர் பிடி கொடுக்கவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தச் சூசா, இந்தத் தொல்லை எல்லாம் என்றார். அம்மா சட்டென்று குரலை உயர்த்தினாள்.

"எங்கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கான். பதிமூணு வயசுப் பிள்ள தோளுல காண்டாவ ஏத்தி உட்டுட்டு, இவரு சேவச் சண்டைக்குப் போறாரு. அவன மாதிரியா நீங்க? ஒங்க மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலலா."

வரிசையே சிரித்தது. நானும் வாளியை வைத்துக்கொண்டு நின்று சிரித்தேன். அந்த மாமன் வெட்கப்பட்டு, அடுத்த வாரமே சட்டை வாங்கினார். பலித்த பேச்சை அம்மா விடுவாளா? அதற்கப்புறம் யார் முரண்டு பிடித்தாலும் அவளுடைய அண்ணனை எடுத்து வெளியில் விடுவாள். மாமா சேவல் சண்டைக்குப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் வேடிக்கை பார்க்க. அம்மாவுக்கு அது தெரியும். நல்லதற்குத்தானே சொல்கிறோம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நல்ல பேச்சு மட்டும் தனியாகப் போய்ச் சேரும், கூட இருக்கிற கேலி ஸ்டோரிலேயே நின்றுவிடும் என்று எப்படித்தான் நம்பினாளோ. ஆற்றைத் தாண்ட அதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. போகப் போகக் கூட்டியும் சொல்லியிருப்பார்கள். மாமா நம் பக்கம் வருவது நின்றது. "வேல அதிகமா இருக்கும்" என்றாள் அம்மா.

நவம்பரில், அடைமழைக்கு நடுவில், நான் வயதுக்கு வந்தேன்.

முறைப்படி மாமன்தான் வந்து பச்சை ஓலையில் குச்சுக் குடிசை கட்ட வேண்டும். வருவாரா என்று அம்மா அரைநாள் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். வந்தார். தோளில் தென்னை ஓலையோடு மழையில் நனைந்துகொண்டு வந்து, யாரிடமும் பேசாமல் லயத்தின் பின்பக்கம் கட்ட ஆரம்பித்தார். நான் உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் வெளியே ஓலை முடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மழ உள்ள வருதாம்மா?"

"இல்ல மாமா."

"இந்தப் பக்கம்?"

"அங்கயும் வரல மாமா."

பதினாறு நாளும் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. பச்சை ஓலையின் வாடை, நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கலந்த வாடை, மழை நாளில் மரம் வெட்டாமல் வீட்டில் கிடக்கும் ஆண்களின் பீடிப் புகை, அதுதான் எனக்கு அந்த மாதம். உளுந்தங்களி உருண்டையைத் தின்றுகொண்டு நான் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு இறுக்கமாகக் குச்சு கட்டியவர் சட்டை வைக்காமலா இருப்பார்? நீங்கள் ஒவ்வொருவராக வந்து ஓலை இடுக்கில் வாயை வைத்து, யார் யாருக்குச் சட்டை வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எனக்கு என்ன நிறத்தில் குடை வரும் என்றுகூட நாம் பேசினோம்.

பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி மணையில் உட்கார வைத்தார்கள். மாமா வீட்டுச் சீர் வந்தது. குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் தட்டுகளைப் பார்த்தேன். நீங்களும் எட்டி எட்டிப் பார்த்தீர்கள். பழம், பூ, வளையல், சந்தனம், சேலை. அரக்கு நிறம், அகலச் சரிகை. அந்த வருடம் தோட்டத்தில் வந்த சேலைகளிலேயே அதுதான் உயர்ந்தது. கடைசித் தட்டையும் இறக்கினார்கள். நீலம் இல்லை.

யாரோ, "அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டார்கள். மாமா அம்மாவைப் பார்த்தார். மாதக்கணக்கில் பேசாதவர் அன்றைக்குத்தான் பேசினார்.

"ஊரே சிரிச்சிச்சி எம்பேரச் சொல்லி. நீ சொல்ற மாதிரி மாமனா இருக்க எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சது சேலதான். கொண்டாந்துட்டேன்."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அம்மா பதில் சொல்லியிருப்பாள். யாருக்கும் சளைக்காத என் அம்மா குனிந்து அந்தச் சேலையை எடுத்தாள். முந்தானையை விரித்துப் பார்த்தாள்.

"கலரு நல்லாருக்குண்ணே" என்றாள்.

என்னை உள்ளே அழைத்துப் போய்க் கட்டிவிட்டாள். கொசுவம் வைக்கும்போது அவள் கை என் வயிற்றில் பட்டது, ஐஸாக இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவுக்குப் புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற வேலை. அம்மா பேச்சுக்குக் குறுக்கே போகிறவர் அல்ல. மறுநாள் சோற்றுத் தட்டின் முன்னால் மெதுவாக ஆரம்பித்தார். "நாமளே ஒரு சட்டைய வாங்கிப் போட்டு அனுப்பிருவமா? பிள்ள மொகத்தப் பாக்க முடியல."

"மாமன் வச்சாத்தான் மங்களம்னு ஊரு பூராச் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள் அம்மா. "இப்ப எம்மவளுக்கு மட்டும் நானே வாங்கி மாட்டி உட்டா? அப்ப மாமன் வைக்கிறது வெறும் பேச்சுன்னு ஆயிரும். எங்கண்ணனையும் மிதிச்ச மாதிரி ஆயிரும். நாளைக்கி எந்த மாமன் வைப்பான்? எந்த அப்பன் உடுவான்? வாங்குன சட்டையக்கூட மடிச்சி உள்ள வச்சிருவாங்க. இன்னும் நாலு பிள்ளைக்கி மாமன் வரணும்ங்க."

"அப்ப நம்ம பிள்ள?"

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் இரண்டு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் நினைத்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவள் பயந்த மாதிரி நடந்திருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் ஒருத்தி அம்மா வாங்கின சட்டையில் போயிருந்தால் உங்கள் அப்பாக்கள் நாலு நாள் பேசிவிட்டு விட்டிருப்பார்கள். பெரியவர்கள் தாங்கள் கட்டினது ஒரு செங்கல்லை உருவினால் சரிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. என் மகளைவிடச் சின்னவள். அவளை நான் பெரியவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீதி நாலு மாமன்களும் டிசம்பருக்குள் வந்தார்கள்.

ஜனவரியில் பள்ளி திறந்தது. நீங்கள் பெரிய சாலைக்கு பஸ் பிடிக்கப் போகும் செம்மண் பாதை எங்கள் நெரையை ஒட்டித்தான் போகும். நான் மரத்தில் பால் வடியும் மங்கில் ஒட்டியிருக்கும் கட்டிப்பாலைப் பிய்த்து வாளியில் போட்டுக்கொண்டிருப்பேன். மரங்களுக்கு இடையில் நீலம் நீலமாக வருவீர்கள். உங்கள் சப்பாத்தில் சேறு படக்கூடாது என்று குதித்துக் குதித்து வருவீர்கள். அம்மா உளியை நிறுத்திவிட்டு நெரையிலிருந்து சத்தம் கொடுப்பாள்.

"கொடை எடுத்துக்கிட்டீங்களா? சாப்பாடு எடுத்துக்கிட்டீங்களா? நேரமாச்சிலா, ஓடுங்க, ஓடுங்க!"

"சரிக்கா!" என்று கத்துவீர்கள். என்னைப் பார்த்துக் கையாட்டுவீர்கள். முதல் வாரம் நானும் ஆட்டினேன். பிறகு மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப்போகுமே, குத்தினாலும் தெரியாதே, எனக்குள்ளே அப்படித்தான் ஆனது. கால் என்றால் உதறினால் சரியாகிவிடும்.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். பதினாறு வயதில் கல்யாணம். அவர் ஈப்போவில் லாரி ஓட்டினார். தோட்டம் கை மாறி, லயம் இடிந்து, அம்மாவும் அப்பாவும் என்னோடு அடுக்குமாடிக்கு வந்தார்கள். நான் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். தோட்டத்தில் தொட்ட அதே ரப்பர், கொஞ்சம் வெள்ளையாக.

எண்பதுகளின் கடைசியில் என் மகளுக்குச் சடங்கு வைத்தோம். தம்பி, யாரும் சொல்லாமலே, பினாஃபோர் தட்டோடு வந்தான். அதற்குள் அது பெரிய வழக்கமாகியிருந்தது. எந்தத் தட்டு முன்னால் வரவேண்டும், சட்டைத் தட்டா சேலைத் தட்டா என்று மண்டபத்தில் இரண்டு கிழவர்கள் சண்டையே போட்டார்கள். "ஆதியில இருந்தே சட்டத் தட்டுதான்லா மொதல்ல வரும்" என்றார் ஒருவர். மாமாவும் வந்திருந்தார். நான்தான் அவருக்கு இலை போட்டுப் பரிமாறினேன். சட்டைத் தட்டைப் பார்த்துவிட்டு, "நல்ல வழக்கம்மா இது" என்றார். "ஆமா மாமா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்றேன்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், நானும் அம்மாவும் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். பதினேழு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். திட்டமிட்டுக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"ஏம்மா, அன்னைக்கி நீ ஒரு சட்டைய வாங்கி வச்சிருந்தா என்னா?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாங்கித்தான்டி வச்சிருந்தேன்."

நான் குச்சில் உட்கார்ந்த வாரமே கோலா கங்சார் போய்ப் பாயிடம் வாங்கி வந்திருக்கிறாள். சடங்கன்று காலையில் மாமாவின் மனைவியை, என் அத்தையைக் குளியலறைக்குப் பின்னால் கூப்பிட்டு, மஞ்சள் காகிதப் பொட்டலத்தை அவள் கையில் வைத்திருக்கிறாள். அண்ணன் வாங்கியதாகவே இருக்கட்டும், தட்டில் வைத்துவிடுங்கள் அண்ணி என்று கெஞ்சியிருக்கிறாள். அத்தை அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். "தெரிஞ்சா எல்லாத் தட்டையும் தூக்கி எறிஞ்சிட்டுப் போயிருவாரு தாயி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த அவமானத்தை விழுங்கிவிட்டு வந்துதான் அம்மா கலர் நல்லா இருக்கு என்றிருக்கிறாள்.

"அப்பறம் அத என்னா செஞ்ச?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

சொன்னாள். டிசம்பரில், மீதி இருந்த நாலு பிள்ளைகளில் ஒருத்தியின் மாமன் எங்கள் நெரைக்கே வந்து அம்மா முன்னால் நின்று அழுதிருக்கிறார். கையில் ஒன்றும் இல்லை, சபையில் எப்படி நிற்பேன் அக்கா என்று. அம்மா அவரை மறுநாள் வரச் சொல்லி, பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்துவிட்டாள். நீங்கள் வாங்கியதாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அந்த மாமன் தட்டில் வைத்துக் கொண்டுவந்தபோது குலவை போட்டதும் அவள்தான்.

"யாருகிட்டயும் சொல்லிராத. அந்த மாமன் பேரு கெட்டுரும்" என்றாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அழுகையாவது வரும் என்று காத்திருந்தேன். காம்பைக் கிள்ளி ஒரு பக்கமும் இலையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தேன். கீரை முடிந்ததும் எழுந்து கழுவப் போனேன். அம்மா பின்னாலிருந்து, "மண்ணு இருக்கும், ரெண்டு தடவ அலசு" என்றாள்.

அம்மா போய் இருபது வருடம் ஆகிவிட்டது. பொட்டலம் வாங்கிப்போன அந்த மாமனும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதும் பெயர் சொல்லவில்லை. ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் மாமன் கதை சொல்வீர்கள். ஒருத்தியின் மாமா சட்டைக்காகச் சைக்கிளை விற்றார். ஒருத்தியின் மாமா மழையில் நடந்தே கோலா கங்சார் போய் வாங்கி வந்தார். ஒருத்தியின் மாமா பீடியை விட்டார். எல்லாக் கதையும் எனக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்று நடக்கவே இல்லை. சொல்கிறவளுக்கு அது தெரியாது, அவளுடைய மாமா சொன்னதைத்தான் அவள் சொல்கிறாள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பேன். அடுத்த மாதம் அம்மா படத்துக்கு மாலை போட்ட பிறகும் வழக்கம்போலச் சொல்லுங்கள். கேட்பேன்.

அந்த ஒருத்திக்கு மட்டும் ஒன்று. முதல் வருடம் உன் பினாஃபோரின் கீழே உள்பக்கமாக நாலு விரல் மடித்துத் தைத்திருந்தது. அதைத் தைத்தது என் அம்மா. நீ என்னைவிடக் குள்ளம்.